வாட்டம் இல்லை

எனக்கு யாராவது கெடுதல் செய்தால் நான் மறப்பதில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்கிறவர்களை நம்புவதும் இல்லை. பெங்களூரில் சந்தாபுராவைத் தாண்டி ஒரு லேஅவுட்டில் குடியிருக்கும் ஒரு மனிதரை இரண்டு மழைக்காலம் முழுக்க மனசில் வைத்திருந்தேன். மர்பி டவுன் வீட்டில் காலையில் பல் தேய்க்கும்போது அவர் ஞாபகம் வரும். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்து நிம்மதியாக உட்கார்ந்தால் அப்போதும் வரும். அவர் வீட்டுக் கக்கூஸ் அடைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் சம்பந்தி வீட்டார் வந்திருக்கும் நாளில் அடைத்துக்கொள்ள வேண்டும் என்று மனசார வேண்டியிருக்கிறேன்.

காரணம் ஒரு போட்டோ. அதில் என் தம்பி கணுக்கால் அளவு தண்ணீரில் குந்தி உட்கார்ந்திருக்கிறான். கையில் புல் வெட்டுகிற கத்தி, தலையெல்லாம் மழை. கேமராவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு முழி. அதற்குக் கீழே, இந்த ஆள் ஏமாற்றுக்காரன், யாரும் வேலைக்குக் கூப்பிடாதீர்கள், கேட்டிலேயே நிறுத்துங்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அந்த லேஅவுட்டின் போன் குரூப்பில் போட்டு, பிறகு பிரிண்ட் எடுத்து செக்யூரிட்டி கேபின் கண்ணாடியிலும் ஒட்டினார்கள்.

நானும் தம்பியும் பார்த்தது ஒரே தொழில். பிளாஸ்டிக் புல். செயற்கைப் புல் விற்கிற கடையில் எனக்கு அளவெடுக்கிற வேலை. வீடு வீடாகப் போய் டேப்பைப் பிடித்து, மண் என்ன, தண்ணீர் எங்கே நிற்கும் என்று பார்த்து, கடைக்குச் சொல்வேன். புல் போடுகிறவன் தம்பி. இதைப் பாயை விரிக்கிற வேலை என்று நினைக்கிறவர்கள் நிறைய பேர். மேலே தெரிகிற புல் கடைசி அரை நாள் வேலைதான். அதற்கு முன்னால் மண்ணை வெட்டி எடுத்து, ஜல்லி கொட்டி, கிரஷர் கல்பொடி போட்டு இடித்து, தண்ணீர் ஓட வாட்டம் விட வேண்டும். புல்லின் அடியில் பொத்தல்கள் இருக்கும், தண்ணீர் அதன் வழியாகக் கீழே இறங்கிவிடும். இறங்கின தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

வாட்டம் என்று நாங்கள் சொல்வது சரிவை. கொத்தனார், பிளம்பர், டைல்ஸ் ஒட்டுகிறவர் எல்லோருக்கும் அது தண்ணீர் ஓடுகிற சரிவுதான். பாத்ரூமுக்கு வாட்டம் சரியில்லை என்றால் தண்ணீர் மூலையில் நிற்கிறது என்று அர்த்தம். வேறு ஜனங்களுக்கு வாட்டம் என்றால் செடி வாடுவது, முகம் வாடுவது. நான் பதினாறு வயசிலிருந்து கட்டட வேலை ஆட்கள் நடுவில் இருக்கிறேன். எனக்கு அந்த இன்னொரு வாட்டம் ஞாபகமே வராது.

அந்த மனிதர் வீட்டு முற்றம் தட்டு மாதிரி இருந்தது. ரோடு உயர்ந்துவிட்டது, வீட்டைப் படி வைத்து மேலே கட்டியிருந்தார்கள், நாலு பக்கமும் காம்பவுண்ட் சுவர். நடுவில் களிமண், காலை வைத்தால் வழுக்கும். எங்கேயும் ஒரு துவாரம் கிடையாது. அளந்து முடித்துக் கடைக்கு வந்ததும் அவருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அவர் நம் ஜனம்தான். தாத்தா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்காக இங்கே வந்து தங்கின குடும்பம், வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ். அதனால் தமிழிலேயே பேசினேன். "சார், புல் கடைலருந்து பேசறேன். உங்க எடத்துல வாட்டம் இல்ல சார். இன்னா பண்ணலாம்னு பாத்து சொல்லுங்க."

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "ரொம்ப சந்தோஷம்மா. வாட்டமே இருக்கக்கூடாது. அதுக்காகத்தானே பிளாஸ்டிக் போடறோம். ஞாயித்துக்கிழமை வீட்ல ஒரு ஃபங்ஷன், அதுக்குள்ள முடிச்சுடுங்க."

கடையில் இருந்த நாலு பேரும் சுற்றி நின்று அதை இரண்டு முறை போட்டுக் கேட்டுச் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். புல் வாடாது என்று நான் சொன்னதாக அவர் நினைத்துக்கொண்டார். பெரிய படிப்பு, பெரிய கார், கொத்தனாருக்குத் தெரிந்த தமிழ் தெரியவில்லை. திருப்பிக் கூப்பிட்டு விளக்கியிருக்கலாம். அன்றைக்கு இன்னும் மூன்று இடம் அளக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன், சாயங்காலம் வேறு ஒன்று வந்தது. ஒரு மனிதருக்குத் தன் பாஷை தெரியாததற்கு நானா பொறுப்பு என்று அப்புறம் எத்தனையோ தடவை எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தம்பி அங்கிருந்து போன் செய்தான். "அக்கா, இங்க வாட்டம் சுத்தமா இல்ல. வெளிய போறதுக்கு ஓட்டையும் இல்ல. மழை வந்தா கொளம்தான். போடலாமா?"

"அதெல்லாம் சொல்லிட்டேன். சார் ஓகே சொல்லிட்டாரு. நீ போடு," என்றேன்.

போட்டான். அவன் போட்டால் புல்லை ஒட்டின ஜாயிண்ட் எங்கே என்று தேடினாலும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, விருந்தாளி எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு மழை வந்தது. அரை மணி நேரம். பட்டுப்புடவைகள் எல்லாம் நாற்காலி மேல் ஏறி நின்றதாகக் கேள்வி. தம்பியைக் கூப்பிட்டார்கள், அவன் மர்பி டவுனிலிருந்து வண்டியில் நனைந்துகொண்டே போய், தண்ணீரை இறக்க ஒரு ஓரத்தை அறுக்க உட்கார்ந்தான். அப்போதுதான் அந்த போட்டோ.

"யாரு சொல்லி இதைப் போட்ட?" என்று அத்தனை பேர் முன்னாலும் அவர் கேட்டிருக்கிறார். தம்பி வாயைத் திறக்கவில்லை. அக்கா சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். அதனால் சொல்லவில்லை. கடைக்காரர் அவன் எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்ட் ஆள் என்று கைகழுவிவிட்டார். அந்த லேஅவுட்டில் மட்டும் அவனுக்கு இன்னும் ஆறு வீடு பேசி வைத்திருந்தது, ஆறும் போனது. போட்டோ அங்கே எலெக்ட்ரிக் வேலை பார்க்கிற சொந்தக்காரர் மூலமாக எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தது. ஒரு மாதம் கழித்துத் தம்பி கத்தி, பசை டப்பா, வாட்டம் பார்க்கிற டியூப் லெவல் எல்லாவற்றையும் ஒரு கோணியில் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, பார்சல் கோடவுனில் பெட்டி தூக்கப் போனான். ஏன்டா என்றால், "வுடுக்கா," என்பான். அவ்வளவுதான் பேச்சு.

இதில் என் வயிறு எரிந்தது இன்னொரு விஷயத்துக்கு. ஏமாற்றுக்காரன் என்று ஊரெல்லாம் சொன்னாரே, அந்த ஏமாற்றுக்காரன் போட்ட புல்லை அவர் பிடுங்கவில்லை. தாழ்வான பக்கத்துச் சுவரில் ஒரு ஓட்டை போட்டு, தண்ணீரை அடுத்த காலி மனைக்குத் தள்ளிவிட்டு, அதே புல்லின் மேல் நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தம்பி ஏமாற்றவில்லை என்று அந்த ஆள் அதே குரூப்பில், அதே போட்டோவுக்குக் கீழே, தன் கையால் எழுத வேண்டும். அது நடக்கிற வரை நான் சாகக்கூடாது என்று கூட நினைத்திருக்கிறேன்.

அந்தக் காலி மனைக்காரர் வீடு கட்டிக் குடி வந்தார். ரிடையர் ஆன கன்னட டீச்சர் அம்மா, தனியாக இருக்கிறார். முற்றத்துக்குப் புல் வேண்டும் என்று எங்கள் கடைக்கே வந்தார். விலாசத்தை இரண்டு தடவை படித்தேன். வேறு ஆளை அனுப்பவா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம், நானே போகிறேன் என்றேன்.

லேஅவுட் கேட்டில், கேபின் கண்ணாடியில், தம்பியின் போட்டோ வெயிலில் வெளுத்துப்போய் இன்னும் ஒட்டியிருந்தது. முகம் பாதி மங்கியிருந்தது, எழுத்து மட்டும் நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் நின்றுதான் நான் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.

டீச்சர் அம்மா நேராக என்னைச் சுவர் ஓரம் கூட்டிக்கொண்டு போனார். "நோடம்மா, மழை வந்தா அவரு வீட்டு நீரெல்லா இந்த ஓட்டைல வந்து என் படிலதான் நிக்குது. கேட்டா, காலி மனைல உட்டேன், நீங்க ஏன் வந்தீங்கங்கற மாதிரி பேசறாரு. ஏனாதரூ மாடு," என்றார். நோடம்மா என்றால் பாரம்மா, கடைசியில் சொன்னது ஏதாவது செய் என்று. சுவர் யாருடையது என்று கேட்டேன். மனை வாங்கினபோதே தான் கட்டினது என்றார்.

"அடைச்சிடலாம்மா. உங்க சுவர், உங்க இஷ்டம்," என்றேன். இவ்வளவு மரியாதையாக ஒரு பழியைத் தீர்க்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கொத்தனாரை விடவில்லை. நானே சிமெண்ட் குழைத்தேன். அரை செங்கல்லை உள்ளே தள்ளி, மேலே கலவை வைத்து, கரண்டியால் வழவழவென்று தேய்த்து, விரலால் தட்டிப் பார்த்து, இன்னொரு கை பூசினேன். பிறகு ஒரு வாரம் தினமும் ஈரத்துணி போட்டுத் தண்ணீர் காட்டினேன். என் சொந்த வீட்டுச் சுவரை நான் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. டீச்சர் அம்மா முற்றத்தில் அதற்குள் மண்ணெடுத்து, ஜல்லி போட்டு, ரோட்டுச் சாக்கடை வரை குழாய் பதித்து, கண்ணால் பார்த்தாலே தெரிகிற மாதிரி வாட்டம் விட்டு வைத்தேன்.

அப்புறம் மழைக்காகக் காத்திருந்தேன். பெங்களூரில் வேண்டாதபோது வரும், வேண்டும்போது வராது. நாலு நாள் வானம் கறுத்து ஏமாற்றியது. ஐந்தாம் நாள் மத்தியானம் கடையில் இருந்தபோது ஷட்டர் மேல் சடசடவென்று விழுந்தது. இங்கே பெய்தால் அங்கே பெய்யும் என்று கட்டாயமில்லை. டீச்சர் அம்மாவுக்குப் போன் செய்து, "அங்க மழையாம்மா?" என்று கேட்டேன். "ஜோரு மழை," என்றார். அன்றைக்குக் கடையில் எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை வேண்டுமென்றே சீக்கிரம் போனேன். சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். அவர் முற்றம் முழுக்கத் தண்ணீர். புல் நடுவில் வயிறு மாதிரி உப்பி மேலே வந்திருந்தது. அப்போதும் தம்பி ஒட்டின ஜாயிண்ட் ஒன்று கூட விடவில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்தது.

சிறிது நேரத்தில் அவரே வந்தார். பேண்ட்டை முழங்கால் வரை மடித்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை, அன்றைக்கு நான் அளக்கப் போனபோது வீட்டில் வேலைக்கார அம்மா மட்டும்தான் இருந்தார்.

"ஏன்ம்மா, அந்த ஓட்டையை யாரு அடைச்சது?"

"நான்தான் சார்."

"என் வீட்டுத் தண்ணி எங்க போகும்?"

"வாட்டம் எங்க இருக்கோ அங்க போகும் சார்."

"அதான் இல்லையேம்மா," என்றார். இந்த இரண்டு வருஷத்தில் அவருக்கு அந்த வார்த்தை தெரிந்துவிட்டிருந்தது. எத்தனை பிளம்பர் வந்து சொல்லிக் கொடுத்தார்களோ. "வாட்டம் இல்லாம ஒருத்தன் புல்லைப் போட்டு ஏமாத்திட்டான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அப்பவே குழாய் போட்டிருப்பேன். யாருமே சொல்லலை."

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். போனை எடுத்து, தேடி, அவர் காதுக்கு நேராகப் பிடித்தேன். "உங்க எடத்துல வாட்டம் இல்ல சார். இன்னா பண்ணலாம்னு பாத்து சொல்லுங்க." என் குரல் முடிந்த அந்த நொடியே கட்டைவிரலால் அழுத்தி நிறுத்தினேன். அந்த போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் முடிந்தால் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடும். அடுத்தது அவருடைய பதில்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "இது எனக்கு வந்துதா?"

"தேதி, நம்பர் எல்லாம் இருக்கு, பாருங்க சார். அந்தத் தண்ணில உக்காந்திருந்தவன் என் தம்பி."

போன் மாற்றிவிட்டேன், பழையது எதுவும் என்னிடம் இல்லை என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. தான் என்ன பதில் சொன்னோம் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அவர் அங்கேயே நின்றபடி குரூப்பில் எழுதினார். நான் ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இவர் ஏமாற்றவில்லை, இவர்கள் முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், தவறு என்னுடையது, மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதி, அந்தப் பழைய போட்டோவையும் என் போனிலிருந்து வாங்கிச் சேர்த்துப் போட்டார். டீச்சர் அம்மா போனில் டிங் என்று சத்தம் வந்த பிறகுதான் அவரைப் போக விட்டேன். போகும்போது, "உங்க தம்பிகிட்ட நானே வந்து பேசட்டுமாம்மா?" என்று கேட்டார். "ஒண்ணும் வேணாம் சார்," என்றேன். வெளியே வந்ததும் செக்யூரிட்டியிடம் சொல்லிக் கேபின் கண்ணாடியிலிருந்த காகிதத்தைக் கிழிக்காமல் உரித்து வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் தம்பி கோடவுனிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தான். தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காகிதத்தை வைத்தேன். குரூப்பில் வந்ததை டீச்சர் அம்மா எனக்கு அனுப்பியிருந்தார், அதைப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னான். அவன் அப்படிச் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று.

"இன்னாக்கா பண்ண அந்தாள? எதக் காட்டின?"

"நான் அன்னிக்கு அனுப்ன மெசேஜு. கேளு," என்று போட்டு போனை அவன் கையில் கொடுத்துவிட்டு, ரசம் எடுக்க அடுப்பங்கரைக்குப் போனேன். போய் நாலு எட்டு வைப்பதற்குள் என் குரல் முடிந்து அவர் குரல் ஆரம்பித்துவிட்டது. ரொம்ப சந்தோஷம்மா. வாட்டமே இருக்கக்கூடாது. அதுக்காகத்தானே பிளாஸ்டிக் போடறோம்.

நான் கரண்டியோடு நின்றேன். தம்பி இன்னொரு முறை போட்டுக் கேட்டான்.

"அக்கா, இவரு வாடறதச் சொல்றாரு."

"ஆமா."

"உனுக்கு அன்னிக்கே புரிஞ்சிதா?"

பொய் சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறக்க நேரமானதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. "புரிஞ்சிது," என்றேன்.

"நான் வெள்ளிக்கெழம போன் பண்ணி கேட்டனே. சார் ஓகே சொல்லிட்டாருன்ன."

"சொன்னேன்."

"இந்த பதில காலைல அவருக்குப் போட்டுக் காட்டினியா?"

"இல்ல."

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். மீதிச் சோற்றையும் சாப்பிட்டான், ரசம் வேண்டாம் என்றான், தட்டைக் கழுவி வைத்தான். காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மறுநாள் எழுந்து கோடவுன் வேலைக்குப் போனான். பரணிலிருந்து கோணியை இறக்குவான் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த மனிதர் முற்றத்துக்கு வேறு யாரோ வந்து ரோட்டுச் சாக்கடை வரை குழாய் போட்டுக் கொடுத்ததாக டீச்சர் அம்மா சொன்னார். இப்போது தண்ணீர் நிற்பதில்லையாம். அவர் மேல் எனக்கிருந்த கோபம் இன்னும் போகவில்லை. குரூப்பில் போட்டோ போட்டவரை நான் ஏன் மன்னிக்க வேண்டும்? ஆனால் பல் தேய்க்கும்போது இப்போதெல்லாம் அவர் ஞாபகம் வருவதில்லை.

போன மாதம் தம்பி போனை எங்கேயோ வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினான். நான் என் போனிலிருந்து அடித்தேன். வாஷிங் மிஷின் மேல் துவைத்த துணிக்கு அடியில் மணி அடித்தது. எடுத்தேன். திரையில் அக்கா என்று இருந்தது. முன்பெல்லாம் அங்கே ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் நானும் அவனும் சேர்ந்து எடுத்த படம் இருக்கும். இப்போது கணுக்கால் தண்ணீரில் கத்தியோடு குந்தி உட்கார்ந்திருக்கும் அவன் படம் இருந்தது. நான் கூப்பிடும்போதெல்லாம் அவனுக்கு வருவது அதுதான். போனை அவன் கையில் கொடுத்தேன், அவன் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இன்றைக்கும் கூப்பிட்டால் எடுக்கிறான். இரண்டாவது மணிக்கே எடுத்து, "சொல்லுக்கா," என்கிறான்.